வளையல் ஏறாத கை

கௌசல்யாவின் கையில் வளையல் ஏறவில்லை.

சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். பெரிய மார்க்கெட்டில் அவளையே கூட்டிப்போய், கையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் தொளதொளவென்று ஆடிய வளையல், இப்போது கட்டைவிரல் மூட்டைத் தாண்ட மறுத்தது. யாரோ ஓடிப்போய் சோப்பு கொண்டுவந்தார்கள். அவளுடைய மாமியார் அஞ்சலை அத்தை, மருமகளின் கையை மடியில் வைத்து நுரை தடவி, பிசைந்து பிசைந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு வளையல் உடைந்தன.

"ஒடைஞ்சா நல்லதுதான். கண்ணு பட்டது அதோட போச்சு" என்றாள் ஒருத்தி.

"மருமவ என்னாமா சத போட்டுட்டா பாரு. எங்க ஊட்டுச் சோறு அப்டி" என்றாள் அஞ்சலை அத்தை. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. பந்தல் துணிக்கு மேலே வெயில் காய்ச்சியது. வளைகாப்பில் ஆண்களுக்கு உள்ளே வேலை கிடையாது. நான் பந்தல் வாசலில், கையில் புளிசாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கௌசல்யாவின் முகத்தில் சந்தனம் பூசியிருந்தார்கள். அந்தச் சந்தனத்துக்குக் கீழே இமைகள் இரண்டும் உப்பியிருந்தன. சிரித்துக்கொண்டே புறங்கையால் நெற்றியை அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினாள்.

அப்போது நான் மகப்பேறு மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு முதுகலை மாணவன். அந்தக் கை ஏன் வீங்கியிருக்கிறது என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மகப்பேறு மருத்துவன் என்பது அந்தப் பந்தலில் என் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரில் விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதிய பிறகு, கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வளைத்துப் பேசாமல் நேராகக் கேட்டிருந்தார். "ஆணாக இருந்துகொண்டு ஏன் பிரசவப் பிரிவை எடுத்தீர்கள்? விரும்பியா, வேறு எதுவும் கிடைக்காமலா?"

இந்தக் கேள்விக்கு இத்தனை வருடங்களில் விதவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல்முறை சொன்னது துறையில் சேர்ந்த அன்று. அங்கே அது ஒரு வழக்கம். புதிதாகச் சேர்ந்த மாணவர்களைத் துறைத் தலைவரான மேடம் தன் அறையில் வரிசையாக நிற்கவைத்து, ஏன் வந்தாய் என்று கேட்பார். நாங்கள் நான்கு பேர். மூன்று பெண்கள், நான்.

முதலாமவள், "எங்கம்மாவும் இதே டாக்டர்தான் மேடம். சொந்த நர்சிங் ஹோம் இருக்கு" என்றாள். இரண்டாமவள், மாமியார் வீட்டில் இதைத்தான் எடுக்கச் சொன்னார்கள் என்றாள். மூன்றாமவள் கொஞ்சம் தைரியசாலி. "ஸ்கேன் பிரிவு கேட்டேன் மேடம், கிடைக்கல" என்றாள். மேடம் சிரித்தார்.

என் முறை வந்தது. ஏழைப் பெண்களின் நலனுக்காகச் சேவை செய்ய வேண்டும் என்று முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

"யாருப்பா எழுதிக் குடுத்தது?" என்றார் மேடம்.

மூன்று பெண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது.

உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதை அந்த அறையில் சொல்லியிருக்க முடியாது. இங்கே சொல்கிறேன்.

வாய்க்கு வெட்கப்படாத அறை

அப்பா படகு, அம்மா மீன் கூடை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவனை மருத்துவக் கல்லூரியில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? பொது மருத்துவ வார்டில் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். பதில் எனக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் கோத்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பக்கத்தில் நிற்பவன் சொல்லி முடித்திருப்பான். என் தமிழுக்கும் அங்கே மரியாதை இல்லை. குழந்தையை நான் 'கொயந்த' என்று சொன்னால் சிரிப்பார்கள். வேண்டுமென்றே என்னிடம் வந்து, "டேய், வாயப்பயம் சாப்டியா?" என்று கேட்பார்கள். ஐந்து வருடம் நான் அதிகம் பேசாமலே படித்தேன். அமைதியான பையன் என்று பேர் வாங்கினேன்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிரசவ அறைக்குப் போட்டார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மீனவப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் பிரசவம். பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் சொன்னதையும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் அழகான தமிழில், "மூச்சை அடக்கி முயற்சி பண்ணுங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"யக்கா, இங்க பாரு. கொயந்த தல தெரியிது, கருகருன்னு முடியோட. இன்னும் ஒரே முக்குதான். வல இயுக்குற மாதிரி இயு, பாப்போம்!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். அடுத்த இரண்டு நிமிடத்தில் குழந்தை என் கையில் இருந்தது. வழுக்கிக்கொண்டு, சூடாக.

"உன் பேச்சுக்குதான்யா அது வெளிய வந்துச்சு" என்றார் அங்கிருந்த சீனியர் சிஸ்டர்.

அவ்வளவுதான். சேவை, லட்சியம் எல்லாம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டவை. அந்தக் கட்டடத்திலேயே நான் வாய் திறக்க வெட்கப்படாத ஒரே அறை அதுதான். அதனால் எடுத்தேன். என் ரேங்குக்குப் பொது மருத்துவமும் கிடைத்திருக்கும். கடிதம் எழுதிய வாசகிக்கு: விரும்பித்தான் எடுத்தேன்.

சொல்தா ஐயாவின் நெஞ்சு

இடம் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அரிவாள்மணையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னா படிப்புடா அது?"

"பிரசவம் பாக்குறதும்மா. கர்ப்பப்பை ஆப்பரேசன் எல்லாம்."

மீனை வைத்துவிட்டாள். "பொம்பளைங்களுக்கா?"

"ஆமா."

"நீயா?"

"ஆமாம்மா."

"வேற ஒண்ணும் குடுக்கலியா உனக்கு?"

"குடுத்தாங்க. நான்தான் இத கேட்டேன்."

செதில் ஒட்டிய கையோடு எழுந்து வாசலை எட்டிப் பார்த்தாள். "வெளிய சொல்லிடாத" என்றாள்.

மறுநாள் காலை சாரம் பகுதியில், வழக்கமான தெருக்களில் மீன் விற்கப் போனாள். அங்கே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருக்கு இதய ஆப்பரேஷன் ஆகியிருந்தது. வீட்டில் சட்டை பொத்தானே போடமாட்டார். நடு நெஞ்சில் மேலிருந்து கீழ்வரை தையல் தழும்பு. வவ்வால் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "உன் பையன் மேல்படிப்பு என்னம்மா படிக்கிறான்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஹார்ட்டு டாக்டருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள் அம்மா.

"த்ரே பியேன்! த்ரே பியேன்!" என்று பிரெஞ்சில் பாராட்டிவிட்டு, தெருவையே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கூடை காலியாவதற்குள் நான் இதய மருத்துவன் ஆகிவிட்டேன். மதியத்துக்குள் செய்தி எங்கள் குப்பத்துக்கும் வந்துவிட்டது.

"எதுக்கும்மா ஹார்ட்டுன்னு சொன்ன?"

"அவரு நெஞ்ச தொறந்துகினு எதுர்ல நிக்கிறாரு. வேற என்னாடா வாயில வரும்?"

நானும் சிரித்துவிட்டேன். ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அம்மாவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. அந்த வாரம் டீக்கடையில் பேச்சு வந்தது. டவுனில் ஏதோ ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் பிரசவம் பார்த்தாராம். ஒருவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்காமலே, "ஆம்பளைக்கு அங்க என்னாயா வேல? பாக்குறதுக்குன்னே படிச்சிருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன்.

பிறகு எங்கள் வீட்டுக்கு நெஞ்சுவலிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் வாயுத் தொல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பேன். சந்தேகமாக இருந்தால் பொது மருத்துவம் படிக்கும் நண்பனுக்குப் போன் செய்துவிட்டு, கூட்டிப்போய்க் காட்டச் சொல்வேன். நான் வந்தால் பெரியவர்கள் பீடியைக் கீழே போட்டார்கள். பஞ்சாயத்துக்காரர்கள் நாற்காலி போட்டார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது.

என் கல்லூரி ஆஸ்பத்திரி கடலூர் சாலையில், ஊருக்குத் தெற்கே வெகு தூரம். எங்கள் குப்பத்துப் பெண்கள் பிரசவத்துக்கு டவுனுக்குத்தான் போவார்கள். அதனால் ஏறக்குறைய இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமலே ஓடிவிட்டது.

"பாத்துடு"

பந்தலுக்கு வருகிறேன்.

கர்ப்பிணிகளுக்குச் சிலசமயம் ரத்த அழுத்தம் ஏறும். முகமும் கையும் வீங்கும். தலைவலிக்கும். கண் மங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் குழந்தை, சமயத்தில் தாயும், கைவிட்டுப் போகலாம். எங்கள் படிப்பில் இது முதல் மாதப் பாடம். ஏழு மாதம் முடிந்த ஒரு பெண்ணின் வளையல் மூன்று வாரத்தில் ஏறாமல் போனால் சோப்பைத் தேடக் கூடாது. பிரஷர் பார்க்கும் கருவியைத் தேட வேண்டும்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அம்மா, அவளுக்கு பிரஷர் ஏறியிருக்கும். மொகத்தப் பாரு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்."

"நல்ல காரியம் நடக்குது. வாய மூடு."

"தல வலிக்குதும்மா அவளுக்கு. நெத்திய புடிக்கிறா பாரு."

"வெயிலுடா. எனக்குந்தான் வலிக்குது. புள்ள பெத்தவளுங்க இத்தினி பேரு உக்காந்துருக்காளுங்க, அவளுங்களுக்குத் தெரியாததா? ஹார்ட்டு டாக்டரு உனக்கு எப்டிடா தெரியும்னு எவளாவது கேட்டா என்னா சொல்லுவ?"

ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். நான் பந்தலைப் பார்த்தேன். அஞ்சலை அத்தை, டீக்கடைக்காரரின் மனைவி, பஞ்சாயத்துக்காரர் வீட்டுப் பெண்கள். எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது கண்ணில் வந்தது. அம்மா சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கௌசல்யாவின் கணவன் சேகர் எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு கடலுக்குப் போய்விட்டான். பந்தலுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியிலிருந்து குளிர்பானம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், கௌசல்யாவுக்கு கடைசியா பிரஷர் எப்ப பாத்தீங்க?"

"போன மாசம். இந்த மாசம் எங்க போனது, இந்த வேலையே சரியாப் போச்சு. செவ்வாக்கெயம செக்கப்பு. அவங்கம்மா ஊட்லேர்ந்து போயிக்குவா."

"அதுக்கு முன்னாலயே ஒரு தடவ பாத்துடு. கையி வீங்குன மாதிரி இருக்குது."

"நான் வாங்கிப் போடுற எறாவுக்கு அவ வீங்காம இருந்தாத்தான்டா அதிசயம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வார்டில் முன்பின் தெரியாதவனிடம் நான் எப்படிப் பேசுவேன் தெரியுமா? "யோவ், இப்ப கெளம்பலன்னா பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. பைய எடுத்துகினு நட" என்பேன். அப்படிச் சொல்லித்தான் மேடத்திடம் நல்ல பேர் வாங்கியிருந்தேன். சேகரிடம் 'பாத்துடு' என்றேன். பைக் டயரில் காற்று குறைந்தாலும் அதே சொல்தான். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டுவிடாத அளவுக்கு அளந்து பேசினேன்.

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். கௌசல்யாவின் அம்மா வீடு தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில், என் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் அதே கடலூர் சாலைப் பக்கம். சாயங்காலம் வேனில் ஏறும்போது என்னைப் பார்த்து, "வரேண்ணா" என்று கையை ஆட்டினாள். வளையல்கள் குலுங்கவில்லை. சதையோடு சதையாகப் பதிந்திருந்தன.

அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வார்டில் இருக்கும்போது இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். சேகர் எண் இருந்தது. நாளைக்குத்தானே செக்கப், எப்படியும் பார்த்துவிடுவார்கள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை

பத்து மணி இருக்கும். வலிப்பு கேஸ் வருகிறது என்று ஆம்புலன்ஸிலிருந்து தகவல் வந்தது. அன்று பிரசவ அறைப் பொறுப்பு என்னுடையது. மருந்தை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

ஸ்ட்ரெச்சரில் கௌசல்யா. வாயோரம் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தாள். செக்கப்புக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கண் தெரியவில்லை என்றாளாம். அப்படியே விழுந்து இழுத்திருக்கிறது. தடைக்காலம் என்பதால் சேகரும் மாமியார் வீட்டில்தான் தங்கியிருந்தான். பாதி வாரிய அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"டேய், நீ எங்கடா இங்க? ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லடா அவளுக்கு. பிரசவ டாக்டர கூப்புடுடா! சீக்கிரம்டா!"

"நான்தான்டா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, "டாக்டர்! டாக்டர்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். சிஸ்டர்தான் அவன் தோளைப் பிடித்து, "இவருதாம்பா டூட்டி டாக்டரு, வழிய உடு" என்றார். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கை முழுக்க வளையல். கழற்ற வழியில்லை. துணியைச் சுற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நான்தான் உடைத்தேன். புருஷன் செத்தால்தான் எங்கள் பக்கம் பெண்களின் வளையலை உடைப்பார்கள். கதவுக்கு வெளியே நின்ற அவளுடைய அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு, "வளையல ஒடைக்காதீங்கய்யா! எம்பொண்ணு வளையல ஒடைக்காதீங்கய்யா!" என்று அலறினாள்.

வலிப்பு நின்றது. அழுத்தம் இறங்கியது. வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினேன். இடம் மாற்றி மாற்றித் தேடினேன். மேடம் வந்து, என் கையிலிருந்து கருவியை வாங்கி அவரும் தேடினார். பிறகு அணைத்துவைத்தார்.

பிற்பகலில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, அழவில்லை. நான்தான் எடுத்தேன். மருந்து மயக்கத்தில் கௌசல்யா முனகிக்கொண்டிருந்தாள். எந்தப் பெண்ணிடமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவன் நான். அன்று அந்த அறையில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

கை கழுவும்போது மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க தெருவாமே?"

"ஆமா மேடம்."

"இதுக்கு முன்னாடி எப்ப பாத்த?"

"ஞாயித்துக்கெயம. வளகாப்புல."

"வீக்கம் இருந்துதா?"

"இருந்துது மேடம்."

குழாயை மூடினார். "பரீட்சையில கேட்டிருந்தா கரெக்டா சொல்லியிருப்ப, இல்ல?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மா கேட்டது

கௌசல்யா பிழைத்துக்கொண்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள், வார்டில் ஒரு வாரம். அம்மா தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அஞ்சலை அத்தை அதை வாங்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. தூக்கு கட்டிலடியிலேயே இருந்தது. வெறுங்கையோடு அம்மா திரும்பிப் போனாள்.

அந்த ஞாயிறு வீட்டில் நான் வெடித்தேன். "நான் சொன்னேன்ல உங்கிட்ட? அன்னிக்கே சொன்னேன்ல? நீதானம்மா வாய மூடுன்ன?"

அம்மா அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆமாடா. வாய மூடுன்னு நான்தான் சொன்னேன். நீ ஏன்டா மூடுன?"

அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"பத்தாவதோட நிறுத்திட்டு அப்பாகூட கடலுக்குப் போடான்னேன். போனியா? டாக்டருக்கெல்லாம் நம்மளால முடியாதுடான்னேன். கேட்டியா? பொம்பளைங்களுக்குப் பாக்குற படிப்பு வேணாம்னேன். கேட்டியா? ஒண்ணும் படிக்காதவ சொன்னதுன்னு எதையுமே கேக்காதவன், இத மட்டும் எப்டிடா கேட்ட?"

அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு நானே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பந்தலில் அம்மா அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அதுதான் உண்மை.

குப்பத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீக்கடையில் நான் போனால் பேச்சு நின்றது. நெஞ்சுவலிக்காரர்கள் வருவதில்லை. சேகர் எதிரில் வந்தால் மணலில் இறங்கி நடந்தான்.

இரண்டு வரிசை

இரண்டு மாதம் கழிந்திருக்கும். வெளிநோயாளிகள் பிரிவில் மேடத்துக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை. மேடத்தின் மேசைக்கு முன்னால் எப்போதும் நீள வரிசை. ஆண் டாக்டர் என்பதால் என் பக்கம் ஆள் குறைவுதான்.

கௌசல்யா வந்தாள். இளைத்திருந்தாள். பின்னால் இரண்டு கர்ப்பிணிகள். எங்கள் தெருப் பெண்கள், தலை குனிந்து நின்றார்கள்; ஒருத்தி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். உதவிக்கு இருந்த சிஸ்டர் அவர்களை உட்காரச் சொன்னார். கௌசல்யா உட்காரவில்லை.

"அன்னிக்குப் பந்தல்ல நின்னு பாத்தியே. உனக்குத் தெரியுமா?" அண்ணா என்று கூப்பிடவில்லை.

"தெரியும்."

"சும்மா சந்தேகமா, நல்லாவே தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னியாமே, பாத்துடுன்னு."

"ஆமா."

"அதுக்குப் பேரு சொல்றதா?"

சிஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவளுங்க ரெண்டு பேரும் வரமாட்டேன்னாளுங்க. ஆம்பள டாக்டருன்னாளுங்க. நான்தான் திட்டி இட்டுனு வந்தேன்" என்றாள். "பாரு. எதுனா இருந்தா கத்திச் சொல்லு. யாரு இருந்தாலும் கத்திச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன். பிறகு, "உனக்கும் பிரஷர் பாக்கணும். உக்காரு" என்றேன்.

"நான் மேடம்கிட்ட பாத்துக்குறேன்."

என் மேசைக்கு முன்னால் அந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். மேடத்தின் வரிசையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கௌசல்யா போய்க் கடைசியில் நின்றாள். அந்த இருவரையும் நிதானமாகப் பார்த்து, சொல்ல வேண்டியதையெல்லாம் உரக்கச் சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு என் எதிரில் நாற்காலி காலியாகவே இருந்தது. அவள் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றாள்.